இரண்டு முழ லட்டு

பொன்னலங்கா,
29-6-1987

மங்க,

சௌக்கியமா என்று கேட்டால் சௌக்கியம் என்று எழுதுவாய். அதனால் கேட்கவில்லை. நீ போய் மூன்று நாள் ஆகிறது. கல்யாணமாகி நாற்பது நாளில் பெண்டாட்டியைப் பிறந்த வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று இந்த ஆஷாட மாதத்தைக் கண்டுபிடித்தவன் யாரோ, அவன் கையில் கிடைத்தால் கொதிக்கிற நெய்ச்சட்டியில் போட்டுவிடுவேன்.

நேற்று ரசாலு மாம்பழம் ஒரு கூடை எடுத்துக்கொண்டு படகேறி உங்கள் ஊருக்கு வந்தேன். அத்தை என்ன செய்தாள் தெரியுமா? "அங்கயே நில்லுடா! ஆஷாடத்துல மாப்பிள்ளை வாசப்படி மிதிச்சா குடும்பத்துக்கு ஆகாது!" என்று தெருவே கேட்கும்படி கத்தினாள். சின்ன வயதில் எனக்கு மூக்குச் சிந்திவிட்ட அத்தை! கூடையை மதில்மேல் வைத்துவிட்டுத் திரும்பினேன். நீ எந்த ஜன்னலில் நின்றாய் என்றுகூடத் தெரியவில்லை.

சரி, விஷயம் பெரிது. ஜூலை பத்தொன்பது, ஞாயிற்றுக்கிழமை முத்யாலம்மா ஜாத்திரை. போன வருடம் அம்மவாருக்கு நான் பிடித்த லட்டு ஒரு முழ உயரம், நினைவிருக்கும். இந்த வருடம் அக்கரை ஊர்க்காரர்கள், உங்கள் பக்கம் இல்லை, எதிர்ப்பக்கத்தவர்கள், ஒன்றரை முழத்தில் பிடிக்கப் போவதாகத் தண்டோரா போட்டிருக்கிறார்கள். கோயில் கமிட்டியில் பெத்திராஜு காரு என்னைப் பார்த்து, "என்னடா சூரி, அவனுங்ககிட்ட நாம தலை குனியணுமா?" என்றார். எனக்கு எங்கிருந்து வேகம் வந்ததோ, "ரெண்டு முழம் பிடிக்கிறேங்க!" என்று சொல்லிவிட்டேன். சொன்னதோடு நிற்காமல் உள்ளங்கையில் கற்பூரம் ஏற்றி அணைத்துச் சத்தியமும் செய்துவிட்டேன். எல்லோரும் கை தட்டினார்கள். நீ பார்த்திருக்க வேண்டும்.

சரக்கும் வந்துவிட்டது. போன வருடம் கடலைமாவு பதினைந்து கிலோ, சர்க்கரை முப்பது கிலோ ஆனது. இந்த வருடம் லட்டு இரண்டு மடங்கு, ஆகவே மாவு முப்பது, சர்க்கரை அறுபது என்று கேட்டேன். வீடு வீடாக வாங்கி, காபி கிளப் வீரபத்ரம் தன் கையாலேயே எடைபோட்டுக் கொடுத்தான். மேலே பதிக்க முந்திரி போன வருடம் நூற்றிருபது, இப்போது இருநூற்று நாற்பது. கணக்கென்றால் பயந்து ஓடியவன் எப்படிக் கணக்குப் போட்டிருக்கிறேன் பார்.

மாம்பழத்தை அத்தையே தின்றுவிடாமல் பார்த்துக்கொள்.

உன்
சூரிபாபு

*

அய்யவரம்,
2-7-1987

பாவா,

பின்கட்டு ஜன்னலில்தான் நின்றேன். அம்மா கத்தியதில் என் குரல் உங்களுக்குக் கேட்கவில்லை. நீங்கள் போனதும் அம்மா மதில் அருகே உட்கார்ந்து, "ஐயோ பாவம், வெயில்ல வந்த பிள்ளைக்கு ஒரு வாய் மோர் குடுக்க முடியலையே" என்று அழுதாள். அழுதுகொண்டே மூன்று மாம்பழம் தின்றாள்.

பாவா, இப்போது சொல்லப்போவதைக் கோபப்படாமல் படிக்க வேண்டும். உட்கார்ந்து படியுங்கள்.

மாவு போதாது. கொஞ்சம் நஞ்சம் குறைச்சல் இல்லை, ரொம்பவே போதாது.

கடையில் மைசூர்பாகு இருக்கும். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரே அளவாக எட்டுத் துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். ஒன்றை வையுங்கள். அதைப்போல் இரு மடங்கு நீளம் வேண்டுமென்றால் பக்கத்தில் இன்னொன்று வைக்க வேண்டும், ஆக இரண்டு. அகலமும் இரு மடங்கு வேண்டுமல்லவா? முன்னால் இன்னும் இரண்டு. நான்காயிற்று. இதைத்தான் பள்ளிக்கூடத்தில் இரண்டின் வர்க்கம் என்பார்கள். உயரம் இன்னும் பழைய உயரம்தானே? அந்த நான்கின்மேல் இன்னொரு நான்கை அடுக்குங்கள். எட்டு. இது இரண்டின் கனம். லட்டு உருண்டையாக இருப்பதால் இந்தக் கணக்கு மாறாது.

உங்கள் இரண்டு முழ லட்டைச் சுற்றிக் கட்டும் பூச்சரம் போன வருடத்தைப்போல் இரண்டு மடங்கு போதும். மேல்தோலில் பதிக்கும் முந்திரி நான்கு மடங்கு, நானூற்று எண்பது வேண்டும். உள்ளே போகும் மாவு எட்டு மடங்கு. நூற்றிருபது கிலோ, பாவா. சர்க்கரை இருநூற்று நாற்பது.

கையில் இருக்கும் முப்பது கிலோ மாவில் பிடித்தால் லட்டு ஒரு முழத்துக்குமேல் நாலே முக்கால் அங்குலம்தான் ஏறும், அரைச் சாணுக்குச் சற்று அதிகம். அக்கரைக்காரர்கள் சொன்னபடி ஒன்றரை முழம் பிடித்துவிட்டால் நம்முடையதுதான் சின்னது.

இன்னும் பதினேழு நாள் இருக்கிறது. இப்போதே போய்ச் சொல்லிவிடுங்கள்.

உங்கள்
மங்க

*

பொன்னலங்கா,
4-7-1987

மங்கதாயாருக்கு,

உன் கடிதத்தைக் கடைப் பையன் நூக்கராஜு முன்னால் சத்தமாகப் படிக்க ஆரம்பித்துவிட்டேன். பூந்தி தேய்க்கிற கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அவன் வாயைப் பிளந்து கேட்டான். பாதியில் நிறுத்திவிட்டு, தலைவலி என்று சொல்லிவிட்டேன்.

எட்டு மடங்காம்! நூறு லட்டுக்கு எவ்வளவு மாவோ, இருநூறு லட்டுக்கு அதைப்போல் இரண்டு மடங்கு. பதினொரு வருடமாக அடுப்படியில் நிற்கிறேன், ஒரு நாளும் இது பொய்த்ததில்லை. நீ பி.எஸ்ஸி. படித்தாய், சரி. எத்தனை லட்டு பிடித்திருக்கிறாய்?

எட்டாம் வகுப்பில் கணக்கு வாத்தியார் என்னைக் கரும்பலகை முன்னால் நிறுத்தி வைத்தாரே, அன்று பக்கத்து வகுப்பிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தாய். நான் மறக்கவில்லை. அந்த வருடம்தான் தோற்றேன், அந்த வருடம்தான் அடுப்படிக்கு வந்தேன். கல்யாணம் பேசியபோதே ஊரில் சொன்னார்கள், "அந்தப் பொண்ணு படிச்ச பொண்ணு, உன்ன மதிக்குமா பாரு" என்று. நான்தான் கேட்கவில்லை.

மைசூர்பாகை வெட்டி அடுக்கி விளையாட எனக்கு நேரமில்லை.

ஒருவேளை நீ சொல்வதே சரியென்று வைத்துக்கொள்வோம். நான் போய், "மாவு இன்னும் தொண்ணூறு கிலோ வேணும்" என்று கேட்டால் வீரபத்ரம் என்ன சொல்வான்? "குடுத்த சரக்கு எங்கடா போச்சு? உன் கடை கண்ணாடிப் பெட்டிக்குள்ளயா?" என்பான். அவன் சொன்னால் ஊரே சொல்லும். கேட்காமல் இருந்தாலோ, கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்த இரண்டு முழம் வராது. அப்போதும், பாதிச் சரக்கை முழுங்கிவிட்டான் என்றுதான் பேசுவார்கள். அம்மவாரின் மாவைத் திருடியவன் என்று ஒரு தடவை பெயர் வந்துவிட்டால், அப்புறம் இந்த ஊரில் என் கடையில் ஒரு குழந்தைகூட மிட்டாய் வாங்காது. உனக்கு இது ஒரு கணக்கு. எனக்கு அப்படியில்லை.

இனி இதைப்பற்றி எழுதாதே.

சூரிபாபு

*

அய்யவரம்,
7-7-1987

பாவா,

எழுதாதே என்றீர்கள். எழுதுகிறேன்.

அன்றைக்கு நான் சிரித்தது உண்மை. உங்கள் முதுகில் யாரோ சாக்பீஸால் கழுதை வரைந்திருந்தார்கள். வாலோடு, காதோடு, நன்றாக வரைந்திருந்தார்கள். உங்களுக்கு அது தெரியாமல் அவ்வளவு விறைப்பாக நின்றுகொண்டிருந்தீர்கள். பத்து வயதுப் பிள்ளை சிரிக்காமல் என்ன செய்யும்? கணக்குக்காகச் சிரித்தேன் என்று இத்தனை வருடம் மனதில் வைத்திருந்தீர்களா? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. முதல் கடிதத்தை நான் கொஞ்சம் டீச்சர் மாதிரி எழுதிவிட்டேன். அது தப்பு, மன்னித்துவிடுங்கள். கணக்கு தப்பில்லை.

நூறு லட்டுக்கும் இருநூறு லட்டுக்கும் நீங்கள் சொல்வது சரிதான், பாவா. அங்கே லட்டு பெரிதாகவில்லை, எண்ணிக்கைதான் கூடுகிறது. இங்கே ஒரே லட்டு மூன்று பக்கமும் வளர்கிறது.

நாலே முக்கால் அங்குலம் என்று எழுதினேனே, அது எப்படி வந்தது என்று சொல்கிறேன். ஒரு முழம் பதினெட்டு அங்குலம். பதினெட்டைப் பதினெட்டால் பெருக்கி, வந்ததை மறுபடியும் பதினெட்டால் பெருக்கினால் 5832. மாவு இரட்டை, அதனால் இதுவும் இரட்டை, 11664. இப்போது எந்த எண்ணை இதேபோல் பெருக்கினால் 11664 வரும்? இருபதைப் போட்டேன், எட்டாயிரம்தான் வந்தது. இருபத்து மூன்றைப் போட்டேன், 12167, தாண்டிவிட்டது. இருபத்திரண்டு, 10648, எட்டவில்லை. இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. துரத்தித் துரத்திப் பிடித்தேன், இருபத்திரண்டே முக்காலுக்கு ஒரு மயிரிழை குறைவு. இப்படிப் பெருக்கத்திலிருந்து பக்கத்துக்குத் திரும்பி வருவதைத்தான் கனமூலம் என்பார்கள். கல்லூரியில் அது எனக்கு ஒரு வரி. இப்போது ஒரு நாள் முழுக்கச் சமையலறையில் உட்கார்ந்து போட்டேன். பருப்பு தீய்ந்து அம்மாவிடம் திட்டும் வாங்கினேன்.

என்னை நம்ப வேண்டாம். உங்கள் தராசை நம்புங்கள். இரண்டு விரல் உயரத்தில் சில லட்டு பிடியுங்கள், நான்கு விரல் உயரத்தில் ஒன்று பிடியுங்கள். நிறுத்துப் பாருங்கள்.

ஊர் என்ன பேசும் என்ற பயம் எனக்குப் புரிகிறது. உங்களைத் திருடன் என்றால் என்னைத் திருடன் பெண்டாட்டி என்பார்கள், எனக்கும் சுடும். ஆனால் ஜாத்திரையன்று எல்லோர் முன்னாலும் தெரிவதைவிட இன்று நீங்களாகப் போய்ச் சொல்வது மேல். மதிக்கிறேனா என்று கேட்டீர்கள். உங்களைத்தான் கட்டுவேன் என்று மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தவள் நான். அப்பாவைக் கேளுங்கள்.

மங்க

*

பொன்னலங்கா,
10-7-1987

மங்க,

எட்டு.

உன் கடிதம் வருவதற்கு முன்னாலேயே, கோபம் கொஞ்சம் இறங்கியதும், நூக்கராஜு சாப்பிடப் போன நேரத்தில் மைசூர்பாகை வெட்டி அடுக்கிப் பார்த்தேன். மனம் ஒப்பவில்லை. அது சதுரம், நம்முடையது உருண்டை என்று சொல்லிக்கொண்டேன். உன் கடிதம் வந்த பிறகு லட்டே பிடித்தேன். நான்கு விரல் லட்டு ஒன்றை ஒரு தட்டில் வைத்து, இன்னொரு தட்டில் இரண்டு விரல் லட்டு ஒவ்வொன்றாக வைத்தேன். இரண்டு வைத்தேன், அசையவில்லை. நான்கு வைத்தேன், அசையவில்லை. ஏழாவதுக்கும் அசையவில்லை. எட்டாவது வைத்ததும் பெரிய லட்டு இருந்த தட்டு மெல்ல எழுந்து நேராக நின்றது. நூக்கராஜு, "தராசுல ஏதோ ஏறிக்கிச்சு, எலுமிச்சம்பழம் சுத்திப் போடலாம்" என்றான். இத்தனை வருடம் லட்டு பிடித்த கைக்கு இது தெரியாமல் போனதே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

அந்தத் தராசையும் லட்டுகளையும் அப்படியே தூக்கிக்கொண்டு பெத்திராஜு காரு வீட்டுக்குப் போனேன். கமிட்டிக்காரர்கள் இருந்தார்கள். "தப்பு பண்ணிட்டேங்க. மாவு இன்னும் தொண்ணூறு கிலோ வேணும்" என்றேன். நான் பயந்ததை வீரபத்ரம் அப்படியே சொன்னான்: "என் கையால எடைபோட்டுக் குடுத்தேன். பத்து நாளுக்குள்ள மூணு பங்கு பசிக்குதா உன் அடுப்புக்கு?" இரண்டு பேர் சிரித்தார்கள்.

தராசைத் தூணில் மாட்டி, ஒவ்வொரு லட்டாக வைத்துக் காட்டினேன். வீரபத்ரம் தராசைக் கவிழ்த்து, தட்டுக்கு அடியில் விரல் விட்டுத் துழாவினான். ஆனால் பெத்திராஜு காரு என்னைப் பார்க்கவே இல்லை, வாசலுக்கு எதிரே இருக்கும் நெற்களத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் தொடையைத் தட்டி, "அடப்பாவி! நெல்லுக் குவியல்டா இது!" என்றார். "இடுப்புயரக் குவியல்ல பத்து மூட்டை வரும். அதுக்கு ரெண்டு மடங்கா, தலை உயரம் குவிச்சா இருபது மூட்டையா வருது? எம்பது வருது! வருஷா வருஷம் அளக்குறோம். கடலைமாவுன்னதும் எல்லாரும் மறந்துட்டோமே. டேய் வீரபத்ரம், நீயும்தானே அன்னிக்கு ரெண்டு மடங்குன்னு தலையாட்டின?"

வீரபத்ரம் போகும்போது, "எல்லாம் ஜாத்திரையன்னிக்கு நூல் போட்டு அளப்போம்ல" என்றான். சத்தியம் சத்தியம்தான், இரண்டு முழத்தில் ஒரு விரல் குறையக்கூடாது. மீதி மாவும் சர்க்கரையும் நாளை முதல் வரும்.

மதிப்பைப்பற்றி நான் எழுதியதைக் கிழித்துப் போட்டுவிடு. பட்டினி கிடந்த கதையை எனக்கு யாரும் சொல்லவில்லை. அதைப் படித்த பிறகு இரண்டு நாள் எல்லா லட்டிலும் ஏலக்காய் அதிகமாகிவிட்டது.

இப்போது இன்னொரு பயம். ஒரு சாண் லட்டு கல் மாதிரி நிற்கிறது. போன வருட ஒரு முழ லட்டு அடியில் ஒரு விரல் அமுங்கியது, நான் யாரிடமும் சொல்லவில்லை. பாகு ஒன்றுதான், கை ஒன்றுதான். பெரிதானால் ஏன் அமுங்குகிறது? இரண்டு முழம் என்ன ஆகும்? உன் கணக்கில் இதற்குப் பதில் இருக்கிறதா?

சூரி

*

அய்யவரம்,
13-7-1987

பாவா,

தராசைத் தூக்கிக்கொண்டு போனீர்கள் என்று படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். என்னால் அது முடிந்திருக்காது.

நீங்கள் கேட்டதற்குப் பதில் இருக்கிறது, நல்ல பதிலாக இல்லை. லட்டு இரண்டு மடங்கு உயர்ந்தால் எடை எட்டு மடங்கு. ஆனால் அது உட்காரும் இடம்? அது மேல்தோலைப்போல், நான்கு மடங்குதான் பெரிதாகும். எட்டு மடங்கு எடையை நான்கு மடங்கு இடம் தாங்குகிறது. அப்படியென்றால் அடியில் இருக்கும் ஒவ்வொரு பூந்தியும் போன வருடப் பூந்தியைப்போல் இரண்டு மடங்கு சுமக்க வேண்டும். பெரிதாகப் பெரிதாக இப்படித்தான், கனம் முன்னால் ஓடிவிடும், வர்க்கம் பின்தங்கும்.

அதனால் எத்தனை விரல் அமுங்கும் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அது பாகின் பதத்தில் இருக்கிறது. என் நோட்டுப் புத்தகம் இந்த இடத்தில் முடிந்துவிடுகிறது, இனி உங்கள் கைதான்.

ஜாத்திரைக்கு வரலாமா என்று அம்மாவைக் கேட்டேன். "ஆஷாடத்துல மாப்பிள்ளை முகத்துல நான் முழிக்கிறதா? நல்லா கேட்டடி!" என்றாள். அப்பா மட்டும் வருவதாகச் சொல்கிறார். எனக்கு இங்கே சோறு இறங்கவில்லை, பாவா. ஜாத்திரை முடிந்ததும் உடனே எழுதுங்கள். நின்றதா இல்லையா என்ற ஒரு வரி போதும்.

மங்க

*

பொன்னலங்கா,
20-7-1987

மங்க,

நின்றது!

ஒவ்வொரு பூந்தியும் இரண்டு மடங்கு சுமக்க வேண்டும் என்று எழுதினாயே, அதை வைத்துக்கொண்டு யோசித்தேன். அடிப் பாகத்துக்குப் பாகை மூன்று கம்பிப் பதம் தாண்டவிட்டு, கற்கண்டு இடித்துப் போட்டுக் கெட்டியாக இறுக்கினேன். தின்றால் பல் கழன்றுவிடும், ஆனால் அசையாது. நடுவில் கொஞ்சம் இளகல். தலைப்பக்கம் வழக்கமான பதம். ஒரே நாளில் பிடிக்காமல் மூன்று நாள், ஒவ்வொரு அடுக்கும் இறுகிய பிறகே அடுத்தது. அப்படியும் அமுங்கும் என்று தெரியும். அதனால் என் கடைச் சரக்கையும் சேர்த்து, இரண்டு முழத்துக்குமேல் நான்கு விரல் கூட்டியே பிடித்தேன். இதை யாரிடமும் சொல்லவில்லை, உனக்குத்தான் முதலில் சொல்கிறேன். முந்திரி நீ சொன்ன நானூற்று எண்பது வாங்கினேன், ஏழு மிஞ்சியது. நூக்கராஜு தின்றுவிட்டான்.

ஞாயிறு காலையில் பார்த்தால் மூன்று விரல் இறங்கியிருந்தது. வண்டியில் ஏற்றினால் இன்னும் இறங்குமோ என்று எனக்கு உயிரே இல்லை. பதினாறு பேர் தூக்கி ஏற்றினார்கள். கோயில் வாசலில் பறை அடங்கியதும் வீரபத்ரம் நூலோடு வந்தான். பெத்திராஜு காரு நூலை வாங்கி லட்டின் உயரத்துக்குப் பிடித்து, அதைத் தன் முழங்கையால் அளந்தார். ஒரு முழம். இரண்டு முழம். அதற்குமேல் ஒரு விரல் நின்றது. அவர் அந்த ஒரு விரலை வீரபத்ரம் மூக்குக்கு நேரே ஆட்டிக் காட்டினார். ஊர் கத்தியதில் மாடுகள் மிரண்டுவிட்டன. எனக்கு அழுகை வந்துவிட்டது மங்க, மறைக்கவில்லை.

அப்புறம் கடப்பாரையால் உடைத்தோம். மதியம் உட்கார்ந்தவன் பொழுது சாயும்வரை பங்கு போட்டேன். வந்தது நாலாயிரம் பேருக்குக் குறையாது. தலை நிமிர நேரமில்லை, கைகளைத்தான் பார்த்தேன். வீரபத்ரம்கூட வரிசையில் வந்து கை நீட்டினான். மோதிரத்தை வைத்துக் கண்டுகொண்டேன். நல்ல துண்டாகத்தான் கொடுத்தேன்.

எல்லாம் முடிந்து மேடையில் உட்கார்ந்தபோது, இத்தனை பேர் வந்தார்கள், வரவேண்டியவள் வரவில்லையே என்று நினைத்தேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆஷாடம் முடிந்து சிராவணம் பிறக்கிறது. விடிந்ததும் படகுத்துறையில் நிற்பேன்.

உன்
சூரி

*

அய்யவரம்,
22-7-1987

பாவா,

வந்திருந்தேன்.

சனிக்கிழமை முழுக்க நான் சாப்பிடாமல் கிடந்ததைப் பார்த்து அம்மாதான் இறங்கி வந்தாள். "கோயில் வாசப்படி அம்மவாரோடது, என்னோடது இல்ல. ஆனா பேசக்கூடாது, முகத்தைக் காட்டக்கூடாது" என்றாள். வந்தும் புளியமரத்துக்குப் பின்னால் முதுகைக் காட்டிக்கொண்டு, முந்தானையால் தலையை மூடி நின்றாள். மாப்பிள்ளையைப் பார்த்துவிடக் கூடாதாம். பார்க்காமலே என்னிடம் நொடிக்கொரு தரம், "அளந்துட்டாங்களா? எவ்வளவு?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த ஒரு விரல் நின்றபோது, எல்லாவற்றையும் மறந்து திரும்பி உங்களைப் பார்த்துவிட்டாள். அதை வெளியே சொல்ல வேண்டாம்.

நான் வரிசையில் நின்றேன். ஒன்றரை மணி நேரம். உங்களுக்கு முன்னால் வந்ததும் கையை நீட்டினேன். துண்டை வைத்தீர்கள். உங்கள் விரல் என் உள்ளங்கையில் பட்டது. "ம், அடுத்த ஆளு, நகருங்க நகருங்க" என்றீர்கள். வீரபத்ரத்தின் மோதிரம் தெரிந்ததாம், கட்டின பெண்டாட்டியின் கை தெரியவில்லையாம். இதை நான் அறுபது வயது வரை சொல்லிக் காட்டுவேன், தயாராக இருங்கள்.

நகர்ந்து போய் ஓரமாக நின்று தின்றேன். அடிப் பாகம் கிடைத்திருக்கிறது, பல் இன்னும் வலிக்கிறது. பக்கத்தில் அக்கரையிலிருந்து வந்த இரண்டு பெண்கள் நின்றிருந்தார்கள். ஒருத்தி கேட்டாள், "இம்மாம் பெருசா யாருடி பண்ணது?" இன்னொருத்தி உங்களைக் காட்டினாள். "அதோ தலைய குனிஞ்சிட்டு உக்காந்திருக்காரே, சூரிபாபு. கணக்குல புலியாம். ரெண்டு முழம்னா எட்டு மடங்கு மாவு வேணும்னு கமிட்டிக்கே தராசு வெச்சு சொல்லிக் குடுத்தாராம்."

எட்டு மடங்கை உங்களுக்குச் சொன்னது யார் என்று திரும்பிச் சொல்ல நாக்கு துடித்தது, பாவா. ஆனால் வாய் நிறைய லட்டு. கடித்து, மென்று, விழுங்கி முடிப்பதற்குள் சொல்ல வேண்டும் என்ற ஆசையே போய்விட்டது. அவள் அதை இன்னொரு தடவை சொல்ல மாட்டாளா என்று அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

உங்கள்
மங்க